கடலை ஓட்டில் ஏறிய சாயம்

ஞானம் தேடுகிறவர்கள் காட்டுக்கு நடந்து போனதாகத்தான் கதைகளில் கேட்டிருக்கிறோம். சென்னியப்பன் மொபெட்டில் போனார். கால்களுக்கு நடுவே ஐந்து லிட்டர் கேனில் சிவப்புத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. அவர் பாடம் கேட்கப்போகிற பெண்ணுக்கு முப்பத்துநாலு.

மலையடிவாரத்து நெசவாளர் ஊர் அது. போர்வை நெய்கிற பதினோரு குடும்பங்கள் சேர்ந்து ஒரு சாயப்பட்டறை வைத்திருந்தார்கள். நூலுக்குச் சாயம் ஏற்றுகிற வேலை சென்னியப்பனுடையது. முப்பத்தெட்டு வருடமாக அதையே செய்து வந்ததால் ஊரில் அவருக்கு மாஸ்டர் என்றே பெயர். மாஸ்டரே இன்னொருவரிடம் கற்றுக்கொள்ளப் போகிறார் என்றால் வெள்ளம் தலைக்கு மேலே போய்விட்டது என்று பொருள்.

போய்த்தான் விட்டது. பட்டறைக் கழிவுநீர் பின்பக்கத்து ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. அதிகாரி வந்து பார்த்து நாற்பது நாள் கெடு கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் தண்ணீரில் நிறம் இருந்தால் பட்டறைக்குச் சீல். பெரிய ஆலைகளில் இருப்பதுபோல ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்ட, பதினோரு குடும்பமும் கழுத்திலும் காதிலும் கிடப்பதைக் கழற்றினாலும் காணாது. கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, "நான் பாத்துக்கறேன்" என்று சொன்னவர் சென்னியப்பன்தான். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அப்போது அவருக்கே தெரியாது.

மூன்றாம் நாள் ஆட்டு வியாபாரி ஒருவர் சொன்னார். ஓடையோரம் இரண்டு மைல் கீழே சுலோச்சனா என்று ஒரு பெண் தனியாகக் கடலைக்காடு வைத்து விவசாயம் பார்க்கிறாள். சிவந்துபோன கிணற்றுத் தண்ணீரை வெளுக்க வைத்து மாட்டுக்குக் காட்டுகிறாள். எப்படி என்று கேட்டால் சொல்வதில்லை.

சென்னியப்பன் போய்ச் சேர்ந்தபோது அவள் எருமைக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சாயப்பட்டறையில இருந்து வர்றேனுங்க. பேரு சென்னியப்பன்."

"தெரியுமுங்க. உங்கள ஆறு வருசமாத் தெரியும். பாத்ததுதான் இல்லை."

"எப்படீங்க அம்மிணி?"

"திங்கக்கெழமை செவப்பு வரும். புதங்கெழமை நீலம். வெள்ளிக்கெழமை கரும்பச்சை. போன வருசம் வைகாசியில மூணு நாள் ஓடை தெளிஞ்சு வந்துச்சு. உங்க ஊட்டுல ஏதோ நல்ல காரியம்னு நெனச்சுக்கிட்டேன்."

"மகளுக்குக் கல்யாணமுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. கேனைக் கீழே வைத்தார்.

"வைவீங்கன்னு நெனச்சுட்டுத்தான் வந்தேனுங்க."

"வையறதுக்கு எங்கீங்க நேரம். மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்."

கிணற்றில் எட்டிப் பார்த்தார். அவருடைய திங்கட்கிழமைச் சிவப்பு கொஞ்சம் மங்கி அந்தத் தண்ணீரில் கிடந்தது. எருமை குடித்துக்கொண்டிருந்த தொட்டியிலோ அடிக்கல் தெரிந்தது.

"இது இந்தக் கெணத்துத் தண்ணிதானுங்களா?"

"அதேதானுங்க. கடலை ஓட்டுல தெளிய வெச்சது."

"எனக்கும் கத்துக் குடுங்க அம்மிணி."

"எதுக்குங்க?"

"பட்டறைய மூடிருவாங்க. பதினோரு குடும்பம். எல்லாருக்கும் அது ஒண்ணுதான் சோறு."

"மூடிட்டா என் கெணறு தெளியுமுங்களே."

சென்னியப்பன் வழியெல்லாம் பல பதில்களைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டார்.

"தெளியுமுங்க," என்றார்.

அவள் தீவனக் கூடையைக் கீழே வைத்தாள்.

"கடலை ஒடைக்கற மில்லுல ஒரு மூட்டை ஓடு வாங்குங்க. அதக் கழுவுங்க. கழுவுன கடேசித் தண்ணிய நீங்க வாயில வெச்சுக் குடிக்கறாப்பல ஆனதும் வாங்க."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க."

கழுவுவதில் என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே மொபெட்டைக் கிளப்பினார். கழுவ ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. ஓட்டிலிருந்து முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் வந்தது. பத்தாவது தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. சாயத்தை எடுக்கப்போகிற பொருளே சாயம் விட்டுக்கொண்டிருந்தால் எங்கே போய்ச் சொல்வது. மூன்றாம் நாள் பட்டறை அண்டாவில் கொட்டிக் கொதிக்க வைத்தார். ஐந்தாம் நாள் கடைசித் தண்ணீரைத் தம்ளரில் மொண்டு குடித்தார். லேசாகக் கடலை வாசம் அடித்தது. வேறு குறை சொல்ல ஒன்றுமில்லை.

"குடிச்சுட்டேனுங்க," என்று அவளிடம் போய்ச் சொன்னார்.

"காய வெச்சு, நொய்யரிசியாட்டம் ஒடைங்க. உங்க தண்ணியில போடுங்க."

"எத்தனை நேரமுங்க?"

"நீங்க மாஸ்டருங்க. எத்தனை நேரம்னு நானா சொல்லோணும்?"

அதில் கேலி இருந்ததா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

போட்டார். ஒரு மணி நேரம் வைத்தார். தண்ணீர் சிவப்பாகவே நின்றது. இரண்டு மணி நேரம் வைத்தார். நாள் முழுக்க வைத்தார். ஓடு சாயத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நூலில் சாயம் ஏறாவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குக் கரதலப் பாடம். உப்பைக் கூட்டினார். சலவை சோடாவைக் கூட்டினார். சூடேற்றினார். தண்ணீர் இன்னும் பளபளவென்று சிவந்ததுதான் மிச்சம்.

பட்டறைக்குச் செயலாளர் தாமோதரன். நல்ல நெசவாளி, வாய் மட்டும் சும்மா இருக்காது.

"மாஸ்டரு நூலு போதும்னு இப்பக் கடலைக்குச் சாயம் ஏத்தறாருங்க," என்றான் மற்றவர்களிடம்.

எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார். கெடுவில் பதினேழு நாள் கரைந்திருந்தது. மறுநாள் விடிந்ததும் மொபெட்டை எடுத்தார்.

"ஓடு பிடிக்கலீங்க அம்மிணி."

"என்னென்ன போட்டீங்க?"

"ஓடு."

"வேற?"

"உப்பு. சோடா."

"அது எதுக்குங்க?"

"அது போட்டாத்தானுங்களே சாயம் ஏறும்."

"எதுல?"

"நூல்லதான்."

அவள் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு சிமெண்டுத் தொட்டி. கிணற்றுத் தண்ணீரும் கடலை ஓடும் அதில் ஊறிக்கொண்டிருந்தன. பாதி தெளிந்திருந்தது.

"குனிஞ்சு மோந்து பாருங்க."

குனிந்தவர் சட்டென்று முகத்தை இழுத்துக்கொண்டார்.

அவருடைய பட்டறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. புளிப்பு எதுவும் உள்ளே வரக்கூடாது. மோர்ச்சோறு கொண்டுவந்தவன் ரோட்டுக்கு அந்தப்பக்கம் போய்த்தான் சாப்பிட வேண்டும். ஊறுகாய்க் கையோடு தொட்டிப் பக்கம் வந்தால் மாஸ்டர் விரட்டுவார். சாயம் போட்ட பிறகு கடைசி அலசலுக்கு வேண்டிய ஆசிட் கேனைக்கூட வெளியே தனியாகப் பூட்டி வைத்திருந்தார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ ஒருவன் தூக்குப்போசி மோரைத் தொட்டியில் கவிழ்த்து ஒரு லாட் நூல் முழுக்கச் சாயம் ஏறாமல் வெளிறிப் போனது. அதிலிருந்து வந்த பழக்கம். அவருக்கு அடுத்து வந்தவர்களும் காரணம் கேட்காமல் அதைக் காப்பாற்றி வந்தார்கள்.

"புளிச்சுக் கெடக்குதுங்களே," என்றார்.

"ஆமாங்க. பழைய கஞ்சித் தண்ணி ஊத்துவேன். மாட்டுத் தொட்டிதானுங்களே, மொதல்ல தானா ஊத்துனதுதான். ஓடும் தானா உழுந்ததுதான். காலையில பாத்தாத் தெளிஞ்சு கெடந்துச்சு."

"இதுல நூலப் போட்டாச் சாயம் ஏறாதுங்க. நூலு வேண்டாம்னு விட்டுரும்."

"நூலு விட்டுட்டா அது எங்கீங்க போகும்?"

சென்னியப்பன் தொட்டியில் கையை விட்டு ஒரு பிடி ஓட்டை அள்ளினார். உள்ளங்கையில் நன்றாகச் சிவந்து கிடந்தது. தேய்த்துப் பார்த்தார். கையில் ஒட்டவில்லை.

தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முப்பத்தெட்டு வருசம், ஒரு லாட் கெடாமப் பாத்துக்கிட்டேன் அம்மிணி."

"அது பாத்தாலே தெரியுதுங்க. இனிமேக் கெடுக்கக் கத்துக்குங்க."

அன்று மத்தியானம் மாஸ்டர் தன் கையாலேயே ஆசிட் கேனைப் பட்டறைக்குள் தூக்கிக்கொண்டு வந்தார். தாமோதரன் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டான். யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டருக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்தார்கள். சாயத் தொட்டிகளுக்கு எட்டாமல் பின்கட்டில் மூன்று பீப்பாய்களை ஒன்றின் கீழ் ஒன்றாகப் படியில் நிறுத்தினார். மூன்றிலும் ஓட்டை நிரப்பினார். கழிவுநீரில் ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நாக்கில் வைக்காத குறையாகப் பார்த்துப் பார்த்துப் புளிக்க வைத்து, மேல் பீப்பாயில் ஊற்றினார். சாயம் ஏறுவதற்கு எத்தனை பொறுமை வைத்திருந்தாரோ அத்தனையையும் அது இறங்குவதற்கு வைத்தார். ஆசிட் ஒரு சொட்டு கூடினால் ஒரு நாள் வீண். குறைந்தால் இன்னொரு நாள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினார்.

இருபத்தொன்பதாம் நாள் கீழ்ப் பீப்பாயிலிருந்து தெளிந்த தண்ணீர் வந்தது. பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"தெளிஞ்சிருச்சுங்க."

"யாரு சொன்னா?"

"கண்ணுக்குத் தெரியுதுங்களே."

"ஒரு மாசமா அதையே பாத்துட்டிருக்கற கண்ணுங்க அது. உங்க நூலக் கேளுங்க."

அவருக்குச் சுருக்கென்றது. அது அவர் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. வெள்ளை நூல் கட்டு ஒன்றை அந்தத் தண்ணீரில் ஒரு பகல் முழுக்க ஊறப்போட்டுப் பிழிந்து நிழலில் உலர்த்தினார். குழந்தையின் கன்னம்போல நூல் லேசாகச் சிவந்திருந்தது. கண் பொய் சொன்னாலும் நூல் சொல்லாது.

இன்னும் இரண்டு பீப்பாய் வைத்தார். ஓட்டை இன்னும் பொடியாக உடைத்தார். கைத்தோல் உரிந்தது. முதலில் வேடிக்கை பார்த்த நெசவாளிகள் தறியை விட்டு முறை போட்டுக்கொண்டு வந்து ஓடு கழுவினார்கள். தாமோதரனும் வந்தான், வாயை மூடிக்கொண்டு. முப்பத்தேழாம் நாள் நூல் வெள்ளையாக எழுந்தது.

அதை அவளிடம் கொண்டு போனார். அவள் நூலைப் பிரித்துப் பார்த்தாள். முறுக்கிப் பார்த்தாள். வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"ம்," என்றாள்.

சென்னியப்பனுக்கு அது போதும் என்றிருந்தது. ஆனாலும் மறைக்க மனம் வரவில்லை.

"உப்பு நிக்குதுங்க அம்மிணி. ஓடு உப்ப எடுக்கறதில்லை. சாயம் போடறப்பவே கொறைக்கப் பாக்கறேன். பாதிதான் முடிஞ்சுது."

"உப்புக்கு வேற ஆளப் பாத்துக் கேளுங்க. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

நாற்பதாம் நாள் அதிகாரி வந்தார். கடைசிப் பீப்பாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கருவியில் வைத்துப் பார்த்தார். உப்பைப் பற்றி எழுதிக்கொண்டார், அதற்குத் தனியாகக் காலம் தருவதாகச் சொன்னார். நிறத்துக்கு நேரே ஒரு டிக் அடித்தார். பதினோரு குடும்பமும் மூச்சு விட்டது. அதற்குள் அதிகாரி பின்கட்டுக்குப் போய்விட்டார். அங்கே வெட்டவெளியில் ஐம்பது மூட்டைக்கு மேல் அடுக்கிக் கிடந்தது.

"இதுல என்ன இருக்கு?"

"தண்ணியில இருந்த சாயமுங்க," என்றார் சென்னியப்பன்.

அதிகாரி ஒரு மூட்டையைத் திறந்து பார்த்தார்.

"மழை வந்தா இது எங்க போகும்?"

சென்னியப்பன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

"மேல கூரை இருக்கணும். கீழ சிமெண்ட் தளம் இருக்கணும். அப்படி ஒரு இடத்துல இதை வெச்சுக் காட்டுங்க. பத்து நாள் தர்றேன். காட்டலைன்னா தண்ணி எப்படி இருந்தாலும் சீல்தான்."

அவர் போனதும் கூட்டம் போட்டார்கள். பட்டறையில் கூரை போட்ட இடமெல்லாம் நூலும் அண்டாவும். வீடுகளில் தறி போக மிஞ்சிய இடத்தில் மனிதர்கள். புதிதாகக் கொட்டகை போட வழியில்லை.

"பாறைக்குழியில கொட்டிரலாம்," என்றான் தாமோதரன். "சுத்துவட்டாரத்துக் கழிவெல்லாம் அங்கதானே போகுது. ஆபீசரு கேட்டா செங்கச் சூளைக்கு வித்துட்டோம்னு சொல்லிக்கலாம். மூட்டையே இல்லைன்னா எதைப் பாக்கப் போறாரு?"

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். சென்னியப்பன் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் களைத்துப் போயிருந்தார். நாற்பது நாள் ஓடிய குதிரைக்கு நாற்பத்தொன்றாம் நாள் கொஞ்சம் நிழல் வேண்டியிருந்தது.

மறுநாள் காலை டிராக்டரில் மூட்டைகளை ஏற்றினார்கள். தாமோதரன் ஓட்டினான். சென்னியப்பன் முன்னால் மொபெட்டில் போனார். குழிக்குப் போகிற பாதை சுலோச்சனாவின் காட்டை ஒட்டித்தான் போகிறது. நல்ல சேதியைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வண்டியை நிறுத்தச் சொன்னார். அதற்காகத்தான் நிறுத்தினேன் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"தண்ணி பாஸாயிருச்சுங்க அம்மிணி."

"சந்தோசமுங்க."

அவள் பார்வை டிராக்டர் மேல் போயிற்று.

"இது எங்கீங்க போகுது?"

"பாறைக்குழிக்குங்க." அவள் வண்டியில் ஏற்றியிருந்த மூட்டைகளை எண்ணினாள். "கூரை போட்ட எடம் எங்ககிட்ட இல்லீங்க. பத்து நாள்ல காட்டலைன்னாச் சீல் வெச்சிருவாங்க. கொட்டிரட்டுங்களா?"

"என்னைய எதுக்குங்க கேக்கறீங்க?"

"கேக்கோணும்னு தோணுச்சு."

"அந்தக் குழிக்குக் கீழ யாரு கெணறு இருக்குது?"

"தெரியலீங்க."

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். வீட்டுக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்தாள். இத்தனை தடவை வந்திருந்தும் அந்தக் கதவு திறந்து சென்னியப்பன் பார்த்ததில்லை. மாட்டுக் கொட்டகையில்தான் அவள் அடுப்பு இருந்தது. கட்டில் வேம்படியில் கிடந்தது. தனியாள், காற்றுக்கு வெளியே படுக்கிறாள் போல என்று நினைத்திருந்தார்.

உள்ளே ஆள் நிற்க இடமில்லை. தரையிலிருந்து ஓட்டுக்கூரை வரைக்கும் மூட்டைகள். ஒவ்வொன்றின் மேலும் கரியால் மாதம் எழுதியிருந்தது.

ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை விட்டார். சிவப்பு. அடுத்ததில் நீலம். அதற்கடுத்ததில் கரும்பச்சை. ஒன்றில் மயில்கழுத்து நிறம் கிடந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு ஆர்டருக்காகப் பதினைந்து நாள் தூங்காமல் அவர் கலந்து எடுத்த நிறம் அது. ஊரெல்லாம் பாராட்டியது. அந்தப் போர்வைகள் எந்த ஊரில் கிழிந்து கிடக்கின்றனவோ தெரியாது. நிறம் இங்கே இருந்தது.

"ஆறு வருசத்துதுங்களா?"

"ஆமாங்க. கொட்டகையில மண்ணுத் தரை. ஊட்டுல மட்டுந்தான் சிமெண்டு."

"பாறைக்குழி பக்கத்துலயே இருக்குதுங்களே."

"இருக்குதுங்க."

அவர் பிரித்த மூட்டைகளை அவள் மறுபடி கட்டினாள். பாதையில் தாமோதரன் ஹாரன் அடித்தான். சென்னியப்பன் வெளியே வந்தார். மயில்கழுத்துத் தூள் இன்னும் விரலில் இருந்தது.

"வண்டியத் திருப்பு."

"எங்க மாஸ்டர்?"

"எங்க ஊட்டுக்கு. மகளும் மருமகனும் வந்தாத் தங்கறதுக்குன்னு ரூம்பு கட்டியிருக்கறனில்ல. மேல கூரை இருக்குது. கீழ தளம் இருக்குது. ஆபீசரு வந்து பாக்கட்டும்."

"அக்கா என்ன சொல்லுவாங்க?"

"வைவா."

"அது சரி மாஸ்டர், மாசாமாசம் மூட்டை வருமே. ரூம்பு நெறஞ்சு போச்சுன்னா?"

"நெறையறதுக்குள்ள ஒரு வழி பாக்கோணும். சாயத்த வீணாக்காமப் போடப் பழகோணும். இல்லைன்னா நானும் கட்டிலத் தூக்கி வெளியில போட்டுக்கறேன்."

தாமோதரன் அவர் முகத்தைப் பார்த்தான். வண்டியைத் திருப்பி நிறுத்தினான்.

சென்னியப்பன் திரும்பவும் சுலோச்சனாவின் வீட்டுக்குள் போய் முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினார். அவள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்க மூட்டை வண்டியில இருக்குதுங்க."

"இதுவும் என்னோடதுதானுங்க அம்மிணி."

அவள் விலகி வழி விட்டாள்.

மூன்று நடை ஆயிற்று. முதல் நடையில் வீட்டில் வசவு வாங்கினார். இரண்டாவது நடையில் அவர் மனைவி வாயை மூடிக்கொண்டு மூட்டைக்கு ஒரு கை கொடுத்தாள். மூன்றாவது நடைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சுலோச்சனாவின் வீடு காலியாகிக் கிடந்தது. கடைசி மூட்டையை ஏற்றிவிட்டுச் சென்னியப்பன் வாசலில் நின்று முகத்தைத் துடைத்தார். அவள் உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"ஆறு வருசம் இத ஊட்டுக்குள்ள வெச்சுட்டு நீங்க வெளியில படுத்திருக்கீங்க. எங்க பட்டறை வாசல்ல கொண்டாந்து கொட்டியிருக்கலாம். கொட்டியிருந்தா நியாயம்தான், ஒருத்தரும் ஒண்ணும் சொல்லியிருக்க முடியாது. ஏனுங்க கொட்டலை?"

சுலோச்சனா பெருக்குவதை நிறுத்தவில்லை.

"நான் கொண்டாந்து கொட்டியிருந்தா அது குப்பைங்க," என்றாள். "நீங்களா வந்து எடுத்தாத்தான் அது உங்க சாயம்."